பெரம்பலூரில் ஒரு விமானத்தைத் தள்ளிவிட்டேன்

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். விமானம் தானாகப் பின்னால் நகராதாம். அதன் முன்சக்கரத்தில் நீளமான இரும்புக் கம்பியை மாட்டி, இவர் டிராக்டரால் பின்னுக்குத் தள்ளிவிட்டால்தான் கிளம்ப முடியுமாம். மூன்று வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் போனில் இதைச் சொல்கிறார். நானும் "ம்" கொட்டியிருக்கிறேனே தவிர, ஒன்றும் விளங்கியதில்லை. ஆண்டிமடத்து முந்திரித் தோப்புகளில் அவர் டிராக்டர் ஓட்டுவதைப் பார்த்தவள் நான். விமானத்தை ஆகாயத்தில் பார்த்ததோடு சரி.

இந்த 2007 மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார்: "இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து கேக்குறாங்க மலரு. என்ன சொல்ற?"

"உங்க இஷ்டம்ங்க" என்றேன். அப்படிச் சொல்வதுதான் பொறுப்பு என்று ஒரு நினைப்பு.

நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டருக்கு அதே நாள் ஒரு நோட்டீஸ் வந்தது. பெரம்பலூரில் ஒரு பயிற்சி நிலையத்தில், விமானம் தள்ளும் டிராக்டர் ஓட்ட 'விர்ச்சுவல் ரியாலிட்டி' முறையில் சொல்லித் தருகிறார்களாம். சனிக்கிழமை காலையில் யாரும் வந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம், ஐம்பது ரூபாய். வேலைக்காக நான் போகவில்லை. அவர் தினமும் எதைப் பார்க்கிறார் என்று பார்க்கப் போனேன்.

மறுநாள் காலை 5.40க்கு ஆண்டிமடத்தில் பஸ் ஏறினேன். ஜெயங்கொண்டம் சுமார் பதினைந்து கிலோமீட்டர், நான்கு ரூபாய் ஐம்பது காசு. அங்கிருந்து உடையார்பாளையம் வழியாக அரியலூர், பதினோரு ரூபாய். ஜன்னலோரம் உட்காராதீர்கள், சிமெண்டு லாரிகளின் பின்னால் போகிற பஸ்ஸில் முகமெல்லாம் மாவு பூசினாற்போல் ஆகிவிடும். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குப் போகிற சனிக்கிழமைக் கூட்டம். நானும் அதற்குத்தான் போகிறேன் என்று பக்கத்தில் இருந்த அம்மா நினைத்துக்கொண்டு, "பஸ்ஸு அந்தாண்ட நிக்குது, ஓடு" என்றார். இல்லை, விமானம் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பெரம்பலூருக்கு ஒன்பது ரூபாய், ஒரு மணி நேரம். 9.10க்கு இறங்கினேன்.

பயிற்சி நிலையம் ஒரு மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். உள்ளே ஒரு டிராக்டர் சீட்டு, ஸ்டீயரிங், பெடல்கள், இரண்டு கம்ப்யூட்டர். பயிற்சி தருபவருக்கு முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும், "யாருக்குக்கா சேரணும்?" என்றார்.

"யாருக்கும் இல்ல சார். எங்க வீட்டுக்காரர் அங்க இந்த வேலதான் பாக்குறாரு. நான் ஒருதடவ பாத்துக்குறேன்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. உட்காரச் சொல்லி, ஒயர் தொங்கும் கனமான கண்ணாடியைத் தலையில் மாட்டிவிட்டார்.

அறை காணாமல் போனது. வெள்ளை வெளேரென்று தரை. எதிரே, என் தலைக்கு மேலே, விமானத்தின் மூக்கு. பொம்மைப் படம் மாதிரிதான் இருந்தது. தலையைத் திருப்பினால் அந்தப் பக்கமும் விமான நிலையம்.

"மெதுவா தள்ளுங்கக்கா. அதோட வாலு எந்தப் பக்கம் போவணுமோ, அதுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்க ஒடிங்க."

முதல்முறை அதிகமாக ஒடித்துவிட்டேன். திரை சிவந்தது, முன்சக்கரம் உடைந்துவிட்டதாம். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். விமானம் வளைந்து போய் மஞ்சள் கோட்டில் நேராக நின்றது.

"அருமைக்கா! இப்ப கம்பிய கழட்டியாச்சு. நீங்க ஓரமா வந்து நில்லுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னக்கா, அது போயிடும். உங்க வேல அவ்ளோதான்."

ஓரமாக நின்றேன். விமானம் ஜன்னல் ஜன்னலாக என்னைக் கடந்து போனது. ஊருக்கு வருகிற விமானத்தையும் அவர்தான் தள்ளிவிடுகிறார் என்று எப்போதோ சொல்லியிருந்தார். அதில் ஏறுகிறவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு இப்படித்தான் ஒதுங்கி நிற்கிறார், மூன்று வருடமாக. கண்ணாடிக்குள் கண் நிறைந்து எதுவும் தெரியாமல் போனது. "தலை சுத்துதாக்கா? முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்று பயிற்சி தருபவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஆமாம் என்றேன்.

என் வீட்டுக்காரர் தங்கும் அறையில் எட்டுப் பேருக்கு ஒரு போன். நான் கூப்பிட்டால் யாரோ எடுப்பார்கள். அதனால் அடுத்த வெள்ளி வரை காத்திருந்தேன். போன் வந்ததும் முதலில் பெரம்பலூர் போனதைச் சொன்னேன்.

"எத்தன தடவ சக்கரத்த ஒடச்ச?"

"ரெண்டு."

"ட்ரெயினிங்ல நான் ஏழு!" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கேட்டு நாளாகிவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே சொல்லிவிட்டேன்: "ஏங்க, போதுங்க. வந்துடுங்க."



"பொதங்கெழம கையெழுத்துப் போட்டுட்டனே மலரு. நீ ஒண்ணுமே சொல்லலியே."

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பத்தரைக்குள் போய்விடுங்கள், பிறகு கூட்டம். காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், உண்மையிலேயே தலை சுற்றும். தலையில் பூ வைக்காதீர்கள், கண்ணாடியின் பட்டை நசுக்கிவிடும். மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால் ஐந்துக்குள் ஆண்டிமடம் வந்துவிடலாம். உங்கள் வீட்டு ஆளும் வெளியூரிலிருந்து "என்ன சொல்ற" என்று கேட்டால், மனதில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

போன சனிக்கிழமை மறுபடியும் போயிருந்தேன். முதல்முறையிலேயே விமானத்தைச் சரியாக அனுப்பிவிட்டேன். பிறகும் கண்ணாடியைக் கழற்றாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா தேடுறீங்க?"

"இங்க வேல பாக்குறவங்க தங்குற ரூமு எந்தப் பக்கம் சார்?"

"அதெல்லாம் இதுல போடலிங்கக்கா" என்றார்.