சூடு ஆறுவதற்குள்

முத்தியால்பேட்டைச் சாயக்காரர் அம்மாவாசைக்கு மூத்த பிள்ளை அரிகிருஷ்ணன். அவருக்கு மூலக்குளத்திலிருந்து ஜெயத்தைக் கட்டினார்கள். நடுவில் ஒன்று பிறந்து தங்கவில்லை. கடைசி கன்னியம்மாள். பதினாறு வயதில் சாயத்தொட்டி முன்னால் நின்றவள், புருஷன் செத்த பிறகும் அங்கேயேதான் நின்றாள். நகமெல்லாம் கறுப்பு. நூல் சிட்டத்தை யாராவது ஏனோதானோவென்று பிழிந்தால் அந்த ஈரச் சிட்டத்தாலேயே அடிப்பாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் அவள் கழுத்தில் வலப்பக்கம் கட்டி எழும்பியது. புற்று என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கரண்டு வைத்தார்கள்; கதிர்வீச்சுக்கு அங்கே அதுதான் பேர். பாதி கரைந்தது. மீதி கூழாங்கல் மாதிரி நின்றுகொண்டது.

"கரண்டுக்கு அசைய மாட்டேங்குதும்மா. சூடு வெச்சுட்டு, உடனே கரண்டு வெச்சுப் பாக்கலாம். மொத்தம் எட்டு தரம்" என்றார் டாக்டர். எதற்குச் சூடு என்று அவர் சொல்லவில்லை.

ஜெயம் கேட்டதும் அலறினாள். "சூடு வைக்கிறாங்களாமா? நீ என்ன சண்டி மாடா? கரண்டே சூடு. அதுக்கு மேல இது வேறயா? வெந்து போயிடுவடீ!"

துணைக்கு வந்தவள் சும்மா வரவில்லை. வெட்டிவேர்த் தண்ணீரில் சந்தனம் இழைத்து, எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்தாள். ஒரு அறையில் மெஷினை வைத்துக் கட்டியை ஒரு மணி நேரம் சூடேற்றுவார்கள். அப்புறம் நடையில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, கரண்டு அறையில் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கால் மணியில் ஜெயம் கழுத்து நிறையச் சந்தனத்தை அப்புவாள். பேரைக் கூப்பிட்டதும் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். எரிகிற கழுத்துக்கு அது அமிர்தமாக இருந்தது. கன்னியம்மாளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று தரம் போயிற்று. டாக்டர் கட்டியை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கும் அசையல. இன்னொரு தரம் பாத்துட்டு நிறுத்திடலாம்." வேறு வைத்தியம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

நாலாம் தரம், கூப்பிட வந்த சிப்பந்தி இராமதாஸ் சந்தனத்தைப் பார்த்துவிட்டார். டாக்டர் ஓடிவந்தார்.

"யார் செஞ்ச வேலை இது? நாங்க சூடேத்தறோம், நீங்க குளிர வெக்கிறீங்களா? அறிவிருக்கா?"

ஜெயத்தின் கையிலிருந்து டப்பா உருண்டது. கன்னியம்மாள் எழுந்தாள்.

"எதுக்கு சூடுன்னு நீங்க சொன்னீங்களா டாக்டரே?"

"சொன்னா உனக்குப் புரியுமா?"

"புரியாதா? இருவது வருசமா சாயத்தொட்டியில வேகறவ நானு. தொட்டி கொதிச்சாத்தான் கறுப்பு ஏறும். கொதிச்சதும், சாயத்தைப் போடறதுக்குள்ள ஒருத்தி பச்சத்தண்ணிய ஊத்தினா சாயம் ஏறுமா? சொல்லுங்க!"

டாக்டரின் குரல் இறங்கியது. "கரண்டு பட்ட செல்லுல சிலது தன்னையே பழுது பாத்துக்கிட்டு எழுந்துடும்மா. சூட்டுல இருந்தா அதுக்கு அந்தத் தெம்பு இருக்காது. அது ஆறறதுக்குள்ள அடிக்கணும்."

"ரெண்டு வார்த்தை! இத மொத நாளே சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா? அந்த மூணும் வீண். மொதல்லேருந்து எட்டும் வைங்க."

"தோல் தாங்காதும்மா. மிச்சம் அஞ்சுதான்."

"அப்ப அஞ்சையும் வைக்கணும். நடுவுல நிறுத்தற பேச்சு இருக்கக் கூடாது."

"நிறுத்தல. இன்னிக்கே மறுபடி சூடேத்தறேன். இனிமே பெஞ்சு கிடையாது, நேரா உள்ள."

ஜெயம் விசும்பினாள். "உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்..."

"தெரியும் அண்ணி. அதனாலதான் அடிக்காம விடறேன். கேட்டுக்கு வெளியே போய் நில்லு."

பிறகு நாலு தரமும் தனியாகவே பஸ் ஏறிப் போனாள். கூழாங்கல் புளியங்கொட்டை ஆனது. மூன்று மாதத்தில் டாக்டரின் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கழுத்து ஒருபக்கம் கறுத்து விறைத்ததுதான் மிச்சம். கோபம் மட்டும் கரையவில்லை. வீணாய்ப் போன அந்த மூன்று தரத்தை, டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்துக்கு நேரே எண்ணிக் காட்டினாள்.

எண்பத்தேழில் ஜெயத்தின் மகளுக்கு முதலியார்பேட்டையில் கல்யாணம். அத்தைக்காரி முன்னால் நிற்காமல் முடியுமா? போனாள். மண்டப வாசலில் ஜெயம் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். வருகிற பெண்களுக்கெல்லாம் கழுத்தில் பூசிக்கொண்டிருந்தவள், பழக்கத்தில் கன்னியம்மாளுக்கும் கையை நீட்டிவிட்டாள்.

கன்னியம்மாள் அந்தக் கையை அந்தரத்திலேயே பிடித்தாள்.

"கையில வை அண்ணி. கழுத்துப் பக்கம் வந்த, கல்யாணம்னு பாக்க மாட்டேன்."