லோஞ்ச் கடலில் இருந்த நேரம்

முதுகுப் பலகையில் வெள்ளைப் பூச்சால் ஏழு என்று எழுதிய அந்தக் கதிரை இன்றும் என் மேசைக்கு முன்னால் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக் கந்தோரில் மேசை மாறியது, அலுமாரி மாறியது, நானும் தலைமைக் கிளாக்கராகித் தலை நரைத்துப்போனேன். கதிரையை மட்டும் எவரும் தூக்கவில்லை. தூக்க நான் விடவில்லை. மத்தியானத்தில் மூதூரிலிருந்து கடல் கடந்து ஆட்களை ஏற்றிவரும் லோஞ்ச் துறைக்குள் நுழைந்து ஊதும்போது, ஆரோ வந்து அதில் இருக்கப்போவதுபோல் என் கண் அங்கே போய்விடும்.

அது எங்கள் பழைய அத்தியட்சகரின் அறைக் கதிரை. ஆஸ்பத்திரி முழுவதற்கும் பொறுப்பான டொக்டர் அவர். வார்டில் ஒரு சாவு விழுந்தால் உறவுக்காரரைத் தன் அறைக்கு அழைத்து, அந்தக் கதிரையில் இருத்திவிட்டு, தான் எழுந்து நிற்பார். "இப்பிடியான கதையை இருந்துகொண்டு சொல்லப்படாது, கிளாக்கர்" என்பார். எங்கே பிந்தினோம், எது எங்களால் ஏலாமல் போனது, எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்லுவார். கேட்டவர்கள் ஏசியதுண்டு. நின்றபடியே கேட்டுக்கொள்வார்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். மூதூரிலிருந்து நோயாளியோடு லோஞ்ச் புறப்பட்டால் டெலிபோன் வரும். அது கரை சேருமட்டும் எங்களிடமிருந்த ஒரே அம்புலன்ஸ் வேறெங்கும் போகக் கூடாது. "கடலுக்குக் காவல் இருக்கிற ஒரே வண்டி என்ர வண்டிதான்" என்று சாரதி சிரிப்பான்.

அந்த நாள், நிலாவெளியில் புது வார்டு ஒன்றைத் திறந்துவைக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கூட்டத்துக்குக் கதிரை அனுப்பும் பொறுப்பு என்னுடையது. வருவதாகச் சொன்ன லொறி வரவில்லை. நான் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் மூதூரிலிருந்து டெலிபோன் வந்தது: பிள்ளைப்பேற்று நோவோடு ஒரு பெண், இரத்தம் போகிறது, லோஞ்சில் ஏற்றியாயிற்று. கை பழக்கத்தில், வரும் அழைப்புகளைக் குறிக்கும் டெலிபோன் புத்தகத்தில் எழுதியது. மனம் வேறு கணக்குப் போட்டது. நிலாவெளிக்குப் போய்வர ஒரு மணித்தியாலம் போதும். லோஞ்சுக்கு அதைவிடக் கூட எடுக்கும்.

வார்டில் நின்ற அத்தியட்சகரிடம், அம்புலன்ஸில் கதிரை ஏற்ற அனுமதி கேட்கும் கடதாசியை நீட்டினேன். பேனையைத் திறந்தபடி கேட்டார்.

"லோஞ்ச் ஏதும் வருகுதோ?"

"இல்லை, சேர்."

சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கதிரை எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. அவருடைய அறைக்குள் போய் ஏழாம் இலக்கத்தையும் தூக்கி ஏற்றினேன்.

அம்புலன்ஸ் திரும்பும் வழியில் பெரியவரின் ஊர்வலம் தெருவை அடைத்திருந்தது. இறங்குதுறையிலிருந்து ஆள் வந்து கேட்டபோது, வண்டி பழுது என்று சொல்லி அனுப்பினேன். கடைசியில் மாட்டுவண்டியில்தான் அவளைக் கொண்டுவந்தார்கள். வாசலில் இறக்கும்போதே முடிந்துவிட்டது.

அத்தியட்சகர் அவளுடைய புருசனை அறைக்குக் கூட்டிவந்தார். ஏழாம் இலக்கம் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு கதவடியில் இருந்த என் மேசையில் திறந்துகிடந்த டெலிபோன் புத்தகத்தைப் பார்த்தார். ஒரு வரி வாசிக்கும் நேரம். மூடி வைத்தார். தன்னுடைய கதிரையை மேசைக்குப் பின்னாலிருந்து இழுத்துவந்து அந்த மனிதனை இருத்திவிட்டு எதிரே நின்றார்.

"வண்டி பழுதெண்டு துறையில சொன்னாங்க, ஐயா."

"பழுதில்லை. கதிரை ஏத்தப் போனது. அனுப்பினது நான்."

அந்த மனிதன் மெல்ல எழுந்தான். சாறனில் காயாத இரத்தம்.

"என்ட பொஞ்சாதி வெறும் மண்ணில கிடந்தா. நீங்க கதிரை ஏத்தின நீங்க. இந்த ஒண்டை மட்டும் ஏன் விட்டுவெச்ச நீங்க?"

கதவோரம் நின்ற என் வாய்க்குள் ஒரு வசனம் வந்தது. நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்டார்கள். "கையெழுத்து அவருடையது" என்றேன். அது உண்மை. உண்மையைக் கொண்டே ஒரு மனிதனை மூடிவிடலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அவர் அந்தப் புத்தகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். போகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொடுத்தேன்.

"கேட்டால் போதுமெண்டு நினைச்சிட்டன், கிளாக்கர். புத்தகத்தை நானே பாத்திருக்க வேணும்" என்றார். நான் ஏதும் சொல்லுவேனென்று சற்று நேரம் நின்றார். பிறகு வண்டியில் ஏறினார். நிலாவெளியிலிருந்து திரும்பிவந்த ஏழாம் இலக்கத்தை என் மேசைக்கு முன்னால் போட்டுக்கொண்டேன்.

அவர் காலமான செய்தி வந்தே கனகாலம். அந்த மூதூர்க்காரன் பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. இப்போது சாவு விழுந்தால், அத்தியட்சகர்மார் கையெழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். உறவுக்காரரை ஏழாம் இலக்கத்தில் இருத்தி, எழுந்து நின்று, நான்தான் சொல்கிறேன். நல்ல மனிதன் என்கிறார்கள். ஒருவரும் இல்லாத மத்தியானங்களில், ஊதல் கேட்டதும், அந்த வெறுங்கதிரைக்கு முன்னாலும் எழுந்து நிற்கிறேன்.

"லோஞ்ச் வந்துகொண்டிருந்தது. அண்டைக்கே எனக்குத் தெரியும்."

கதிரை கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்க ஆட்கள் இருந்தபோது நான் அதைச் சொல்லவில்லை.