ஸ்மோக்கரிடம் கேட்க மறந்த கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை. செம்பட்டி ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு. நடுவில் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. அதற்குப் பத்தடி தள்ளி, கையில் இன்ஹேலரோடு என் மனைவி ரோஸ்லின்.

புகை ஆகாதவளைக் கூட்டிக்கொண்டு 'ஸ்மோக்கர்' வாங்கப் போன ஒரே புருஷன் நானாகத்தான் இருப்பேன்.

கோபப்படாதீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் பங்குக் கோயில் திருவிழாவன்று உறவுக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கொல்லையில் கல்லைக் கூட்டி, விறகை அடுக்கி, தணலில் ஆட்டுத்தொடையை வாட்டி எடுப்பது ரோஸ்லினின் வேலை. கல்யாணமான வருடத்திலிருந்து அந்த நெருப்புக்குப் பக்கத்தில் வேறு யாரையும் அவள் விட்டதில்லை. போன வருடம் மூச்சிரைப்பு வந்தது. "விறகுப் புகை பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர். அந்தத் திருவிழாவில் அவளுடைய அண்ணன் அந்தோணி இடுக்கியைப் பிடித்தார். ரோஸ்லினோ, மூடிய சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"உப்புப் போட்டியாண்ணே?"

அன்றைக்கு அவள் ஒரு துண்டு கறிகூட எடுக்கவில்லை. ரசஞ்சோறு போதும் என்றுவிட்டாள்.

இந்த வருடம் முன்கூட்டியே அறிவிப்பு வந்தது. "இந்தத் தடவையும் எனக்கு ஜன்னல்தான்னா கறியே வேணாம். வந்த சனத்துக்கு சாம்பாரை ஊத்துங்க."

திருவிழாவுக்கு சாம்பாரா? திண்டுக்கல்லிலா? எங்கள் சொந்தக்காரர்களை உங்களுக்குத் தெரியாது...

தேட ஆரம்பித்தேன். நெருப்பு வேண்டும்; பக்கத்தில் நின்று ஊதுகிற ஆள் வேண்டாம். அப்படி ஓர் அடுப்பு உலகத்தில் உண்டா?

உண்டு. பெல்லட் ஸ்மோக்கர். மரத்தூளை அழுத்தி, பென்சில் தடிமனில் சின்னச் சின்னக் குச்சிகளாக்கினால் அதுதான் பெல்லட். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் தொட்டியில் அதைக் கொட்டிவிட்டால், உள்ளே ஒரு ஸ்க்ரூ சுழன்று கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்கு ஊட்டும். ஃபேன் ஊதும். வைத்த சூட்டை மெஷினே காக்கும். அடுப்பு தோட்டத்து மூலையில் எரிய, இந்த முனையில் உட்கார்ந்து போனிலேயே சூட்டைப் பார்க்கலாம். மணிக்கணக்கில், அவசரமே இல்லாமல், கறி தானாக வெந்துகொண்டிருக்கும். அவசரமில்லாத நெருப்பு! அந்த நினைப்பே எனக்குப் போதையாக இருந்தது.

எனக்கு ஆர்வம் வந்தால் காய்ச்சல் மாதிரி வரும். ஒரு நோட்டு போட்டேன். பன்னிரண்டு கேள்விகள். தகடு எவ்வளவு தடிமன்? மூடி இறுக்கமாக மூடுமா? காற்றடித்தால் சூடு இறங்குமா? கரண்ட் போனால்? சாம்பலை எப்படி வாருவது?

நோட்டோடு போதாது என்று அந்தோணி மச்சானையும் கூட்டிப் போனேன். அவர் ஸ்டீல் பீரோ பட்டறை வைத்திருப்பவர். இரும்பைத் தட்டிப் பார்த்தே ஜாதகம் சொல்வார்.

தோப்புக்காரர் குமரவேல், ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். ஸ்மோக்கர்களை வரவழைத்து விற்கிறார். வருகிறவர்களுக்குச் சமைத்தே காட்டுவார். இரண்டு மெஷின்கள் வைத்திருந்தார். ஒன்று பளபளப்பு, இன்னொன்று சாதுவான கறுப்பு.

மச்சான் பளபளப்பைச் சுண்டினார். 'டொய்ங்' என்றது.

"மாப்ள, இது பெட்டியில்ல. தகர டப்பா."

கறுப்பைச் சுண்டினார். 'தட்.' முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்து, மூடிக்கும் பெட்டி விளிம்புக்கும் நடுவில் வைத்து மூடி இழுத்தார். பீரோ கதவுக்குச் செய்கிற சோதனை. பளபளப்பில் காகிதம் சும்மா வந்துவிட்டது. கறுப்பில் கிழிந்துதான் வந்தது. மூடியைச் சுற்றித் தடித்த கயிறு போல ஒரு சீல் ஓடியது.

"இதுல புகை கசியாது. எந்தங்கச்சிக்கு இதான்."

நான் நோட்டைத் திறந்தேன். குமரவேல் பொறுமைசாலி. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும், இன்வெர்ட்டரில் மாட்டிக்கொள்ளலாம் என்றார். சாம்பலுக்கு அடியில் ஒரு தட்டு, உருவிக் கொட்டலாம் என்றார். பன்னிரண்டுக்கும் பதில் வந்தது. பன்னிரண்டும் டிக்.

"பத்த வைக்கலாங்களா சார்?"

மூலையிலிருந்த வெள்ளைச் சாக்கிலிருந்து பெல்லட்டை அள்ளிக் கொட்டினார். பட்டனை அமுக்கினார்.

ஆரம்பத்தில் கொஞ்சம் புகைவது சகஜம் என்று படித்திருந்தேன். ஆனால் இது கொஞ்சமில்லை. மஞ்சளாக, தடிப்பாக, புகைபோக்கியிலிருந்து உருண்டு வந்தது. பத்து நிமிடம் ஆயிற்று, குறையவில்லை. மட்டைகளுக்கு நடுவே தேங்கி, அப்படியே தரைக்கு இறங்கியது. பழைய பெயிண்ட் வாடை.

ரோஸ்லின் இருமினாள். இரண்டாவது இருமலில் திரும்பி நடந்தாள். காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

மறுபடியும் ஒரு ஜன்னல்.

குமரவேல் பட்டன்களை மாற்றி மாற்றி அமுக்கினார். "மெஷின் மேல தப்பில்லீங்க..." மச்சான் சீலைத் தடவிப் பார்த்தார். நான் நோட்டைப் புரட்டினேன். பன்னிரண்டு டிக்கும் என்னைப் பார்த்துச் சிரித்தன.

கார் கண்ணாடி இரண்டு விரல்கடை இறங்கியது.

"ஏங்க... அவர்ட்ட கேளுங்க. அது என்ன மரம்?"

குமரவேல் விழித்தார். "மரம்னுங்களா? பெல்லட்டுங்கம்மா."

"பெல்லட்டு என்ன, செடியிலயா காய்க்குது? எந்த மரத்துத் தூளு?"

அவர் போனை எடுத்துக்கொண்டு தென்னை மரத்துக்குப் பின்னால் போனார். வரும்போது குரல் பாதியாகியிருந்தது. மெஷினோடு வந்த மூட்டை தீர்ந்துபோகும் போலிருந்ததாம். மில் பாய்லருக்கு பெல்லட் செய்து விற்கும் இடத்தில் ஒரு சாக்கு வாங்கியிருக்கிறார். கடலைத்தொலி, மர அறுவை மில் தூசு, பிளைவுட் கழிவு, கிடைத்ததெல்லாம் அதில் சேரும்.

"பாக்க ஒரே மாதிரித்தானுங்களே இருந்துச்சு..."

"பாய்லர் கறி திங்காதுண்ணே. நாம திங்கணும்ல?" கண்ணாடி இன்னும் கொஞ்சம் இறங்கியது. "கொல்லையில அடுப்பு மூட்டுறப்ப வேப்பங்கட்டை ஒண்ணு கலந்திருந்தாலும் உருவி எறிவேன், கறி கசக்கும்னு. புளிய விறகா, கருவேலமான்னு பாத்துத்தான் வைப்பேன். நீங்க மூணு ஆம்பளைங்க... இரும்பைத் தட்டுறீங்க, காயிதத்தைக் கிழிக்கிறீங்க. எரியப்போறது எதுன்னு ஒரு வார்த்தை கேக்கல!"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

உண்மைதானே? மாடு வாங்கப் போனால் தீவனத்தைக் கேட்கிறோம். மெஷின் என்றதும் அதன் உடம்பைச் சுற்றிச் சுற்றி வருகிறோம். தடிமன், மினுமினுப்பு, பட்டன்... அதுவும் தின்னும் ஒன்றுதான் என்பது மறந்தே போகிறது. வயிறு இருப்பதை மூடி மறைத்துச் செய்கிறார்கள் என்பதாலா?

குமரவேல் அறைக்குள் போய், பழைய மூட்டையின் மிச்சத்தைத் தேடிக் கொண்டுவந்தார். ஒரே மரத்துத் தூள், சமையலுக்கென்றே செய்தது. ரோஸ்லின் கண்ணாடி இடுக்கு வழியாகக் கையை நீட்டி ஒரு குச்சியை வாங்கினாள். 'டக்' என்று ஒடித்தாள். மோந்தாள். பாய்லர் குச்சியையும் கேட்டு வாங்கினாள். அது ஒடியவில்லை, பொடிந்தது. அதை மோக்கக்கூட இல்லை, வெளியே போட்டுவிட்டாள்.

தொட்டியைக் காலி செய்து, உள்ளே சிக்கியிருந்ததை எரித்துத் தீர்த்து, ஆறவைத்து, சாம்பலை வாரி, மறுபடி பற்றவைத்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முதலில் வெள்ளையாகக் கொஞ்சம். பிறகு அதுவும் மெலிந்தது. புகைபோக்கியின் வாயில் நீலமாக ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் பின்னாலிருந்த தென்னை மட்டை லேசாக நெளிந்தது. அவ்வளவுதான் புகை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

கண்ணாடி முழுக்க இறங்கும் சத்தம் கேட்டது. செத்த நேரம் கழித்துக் கதவு திறக்கும் சத்தம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முந்தானையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கமாக வந்து நின்றாள். பதினைந்தடி தள்ளி. இருமவில்லை. குமரவேலின் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, சூடு எவ்வளவு என்று பார்த்தாள்.

மச்சான் மசாலா தடவிய கோழிக்காலை இடுக்கியில் தூக்கிக்கொண்டு மெஷின் பக்கம் நடந்தார்.

"அண்ணே."

"என்ன பாப்பா?"

"உப்புப் போட்டியா?"

குரலுக்குக் குறுக்கே கண்ணாடி இல்லை.

கறுப்புப் பெட்டியைச் சொல்லிவிட்டு வந்துவிட்டோம், சமையல் பெல்லட் மூட்டையோடு சேர்த்து. மூட்டையை அவளே பிரித்து, ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொள்வாளாம். திருவிழாவுக்கு வேலையும் பிரித்துக் கொடுத்துவிட்டாள்: மெஷினுக்கு பெல்லட் போடுவது அந்தோணி மச்சான். சேரில் உட்கார்ந்து போனைப் பார்த்து உத்தரவு போடுவது அவள்.

பன்னிரண்டு கேள்வி எழுதிய ஆளுக்கு, சமையலறைக்குள் சின்ன வெங்காயம் உரிக்கும் வேலை... வேடிக்கை பார்க்க ஜன்னல் இருக்கிறதாம்.