அண்ணி படுத்துப் பார்த்த மெத்தை

என் அண்ணன் தசரதனுக்கு ஆரணியில் ஒரு பெயர் உண்டு. பட்டு முதலாளி ஒருவரிடம், தறியிலிருந்து அறுத்து வரும் சேலைகளைப் பார்த்துக் குறை சொல்வது அவர் வேலை. விரலால் ஒரு தடவு தடவினால் போதும், எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே முடிச்சு துருத்துகிறது என்று சொல்லிவிடுவார். சொல்லட்டும், அது அவர் பிழைப்பு. ஆனால் அந்த விரலை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்வார் பாருங்கள், அதுதான் எனக்குச் சகிக்காது.

அண்ணி ஹேமலதாவுக்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவள். இரவெல்லாம் புரண்டு புரண்டு, தூக்கமே இல்லாமல் முகம் கறுத்துப் போயிருந்தாள். "இலவம்பஞ்சு மெத்தைய விட்டுடுங்க. உடம்பு முங்காத ஃபோம் மெத்தையா பாருங்க. இவங்கள படுக்க வெச்சுப் பார்த்துட்டு வாங்குங்க" என்றார் வேலூர் டாக்டர். அண்ணன் பவ்யமாகத் தலையாட்டினார்.

மெத்தை வாங்க, தங்கை என்ற முறையில் நானும் கூடப் போனேன். கடைக்குள் நுழைந்ததும் அண்ணன் செய்த முதல் காரியம், மெத்தையின் உறைத் துணியைத் தடவியது. பிறகு ஓரத் தையலைப் புரட்டிப் பார்த்தார். ஒரு நூலை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, பல்லால் கடித்தார். கடைக்காரன் விவரமானவன். இவர் துணி ஆள் என்று புரிந்துகொண்டு, உள்ளே போய், பூ வேலைப்பாடு போட்ட பளபளப்பான உறையோடு ஒன்றைத் தூக்கிவந்தான். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"உள்ள இருக்கிற ஃபோமு எப்படின்னு கேளுங்கணா" என்றேன்.

"துணி இவ்ளோ தரமா போட்டவன் உள்ள மட்டமாவா வெப்பான்? இன்னா பேசற நீ" என்றார்.

அண்ணி மெதுவாகக் கேட்டாள்: "நான் ஒருவாட்டி படுத்துப் பார்க்கட்டுங்களா?"

"கடையில பொம்பள படுக்கறதா? ரோட்டுல போறவன் வர்றவன்லாம் பார்த்துகினு இருக்கான். ஒக்காந்து பாரு, போதும்."

நான் சண்டை போட்டேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. அண்ணி புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு மெத்தையின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்து உடனே எழுந்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகு யாருடையது, மெத்தை யாருக்கு, முடிவு யாருடையது, சீ.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு கூத்து. சுற்றி வந்த பிளாஸ்டிக்கைக் கழற்றக் கூடாது, உறை அழுக்காகிவிடும் என்றார். நம்ம ஊர் வெயிலில் பிளாஸ்டிக்கின் மேல் படுத்தால் என்னவாகும்? வியர்வை வழிந்து, விரிப்பு நனைந்து, அறைக்குள் போனாலே புளித்த மாவு வாடை. மழைக்காலம் வருவதற்குள் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. திருப்பிப் போட்டார்கள், அந்தப் பக்கமும் பள்ளம். அண்ணி கீழே பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் காலை, என் வீடு இருக்கும் சேவூரிலிருந்து போயிருந்தேன். அண்ணி பாயிலிருந்து எழுந்துகொண்டிருந்தாள். தவழ்ந்து வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்து, பாதி எழுந்து, அப்படியே நின்று மூச்சு வாங்கினாள். கட்டிலில் உட்கார்ந்து அண்ணன் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கட்டிலை விட்டு எழுந்து நிற்கச் சொன்னேன். பிளாஸ்டிக்கைக் கிழித்தேன், உறையின் ஜிப்பை இழுத்தேன். உள்ளே முழு ஃபோமே இல்லை. பச்சை, மஞ்சள், ரோஸ் என்று கண்ட கண்ட துண்டுகளைப் பசை போட்டு அழுத்தி வைத்திருந்தார்கள். எங்கெங்கோ கூட்டி வாரிய குப்பை. நடுவில் எவனுடைய பனியன் கிழிசலோ ஒன்று, ஒரு சுருள் தலைமுடி, விரல் பட்ட இடமெல்லாம் பிசுபிசுப்பு. இதன் மேல்தான் ஒரு நோயாளியைப் படுக்க வைத்திருக்கிறோம்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "துணியில எவனும் என்ன ஏமாத்த முடியாது. உள்ள இருக்கிறத நான் இன்னாத்த கண்டேன்" என்றார். வேறு வாங்கலாம் என்றதற்கு, பார்க்கலாம், பண்டிகை போகட்டும் என்றார். மறுபடி கடை ஏறினால் தோற்றதாகிவிடுமே. மனைவி தரையில் தவழ்வதைவிட அதுதான் அவருக்குப் பெரிய பேஜார்.

அன்றே அண்ணியை ஆட்டோவில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் வேறொரு கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் ஜெயவேல் ஜிப்பைத் திறந்து ஃபோமைக் காட்டினார், ஒரே துண்டு. "ஒக்காந்து பார்த்தா ஒண்ணும் தெரியாதும்மா. ஒருக்களிச்சுப் படுங்க. இடுப்பு உள்ள போவக் கூடாது, தோள் வலிக்கக் கூடாது. அவசரமில்ல, நல்லா படுத்துப் பாருங்க" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தாள். முதல் மெத்தை இடுப்பை விழுங்கியது. அடுத்தது கட்டாந்தரை. மூன்றாவதில் ஒருக்களித்தவள் கண்ணை மூடினாள். குனிந்து பார்த்தேன், தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"எழுப்பாதீங்கம்மா" என்று ஜெயவேல் மேலே ஃபேனை வேகமாக வைத்தார்.

இந்த ஊரில் சேதிக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரமாகும்? யாரோ பார்த்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். பைக்கை வாசலில் சாய்த்துவிட்டு வந்தார். வெளியே பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஹேமா, எழுந்திரு. ஜல்தி. அசிங்கமா இருக்குது, எல்லாரும் பார்க்கறாங்க."

அண்ணி கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள், கதவுக்கு வெளியே நின்றவர்களையும் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி அவள் செய்யாத காரியம் ஒன்றுகூட இல்லை.

"பார்க்கட்டுங்க" என்றாள். "நீங்க வீட்டுக்குப் போங்க. நான் இன்னும் கொஞ்சம் தூங்கிட்டு வரேன்."

சொல்லிவிட்டு, முதுகை அவர் பக்கம் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.