ஒரு சாண் தண்ணீரில் ஓடும் வள்ளம்

உலக யுத்தம் முடிந்த அடுத்த மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் நண்பர் ஹமீதும் வள்ளம் வாங்கப் புறப்பட்டோம். களனி ஆற்றின் வடகரையிலிருந்து நீர்கொழும்புப் பக்கம் ஒரு வாய்க்கால் போகிறது. அதிலும் அதை ஒட்டிய சதுப்பு நீரிலும் திரளி, கொடுவா மீன்கள் தாராளம். கரையில் நின்று தூண்டில் போட்டால் எட்டாது. பெரிய வள்ளமோ உள்ளே நுழையாது. இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன வள்ளம் ஒன்றைப் பங்குக்கு வாங்குவோம் என்று இரண்டு வருஷம் பேசினோம். பேசியே பாதி மீனைத் தின்றுவிட்டீர்கள் என்று என் மனைவி சொல்லத் தொடங்கிய பிறகுதான் உண்மையில் கிளம்பினோம்.

நான் ஏறியது வெள்ளவத்தையில், காலை ஆறு இருபது ரயில். கொழும்புக் கோட்டைக்கு இருபத்தைந்து நிமிஷம், மூன்றாம் வகுப்பு இருபது சதம். இடப்பக்கம் இருங்கள், பம்பலப்பிட்டி தாண்டும்போது சில நாட்களில் அலைத்துளி முகத்தில் தெறிக்கும். கோட்டையிலிருந்து ட்ராமில் ஏறி, பிறகு கொஞ்சம் நடந்து கொட்டாஞ்சேனையில் ஹமீதின் வீட்டை அடைந்தேன். ஹமீது துணி வியாபாரி. எதையும் நிறம் பார்த்தே விரும்புகிறவர். அவர் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, மட்டக்குளிக்கு பஸ் பிடித்தோம். இரண்டரை மைல். எட்டரை மணிக்கு ஆற்றங்கரையில் நின்றோம்.

அந்தோணி என்பவரிடம் விற்பனைக்கு ஒரு வள்ளம் இருப்பதாக ஹமீது விசாரித்து வைத்திருந்தார். பதினாறு அடி நீளம். பச்சை வர்ணம், விளிம்பில் மஞ்சள் கோடு. அடிப்பக்கம் குவிந்து, நடுவில் கத்தி போல ஒரு மரம் ஓடியது.

"மச்சான், இதப் பாருங்களே! மாப்பிள மாதிரி இரிக்கி," என்றார் ஹமீது.

"இது ஆழத் தண்ணிக்குச் செய்தது போல இருக்கு," என்றேன்.

"ஆழத்தில ஓடுறது ஆழமில்லாத இடத்தில ஓடாதா?"

ஓடிப் பாருங்கள் என்று அந்தோணி சவள் என்கிற துடுப்பை எடுத்துத் தந்தார். முகத்துவாரம் வரை போகவேண்டாம் என்று மட்டும் எச்சரித்தார். ஹமீது சவள் போடுவதில் கெட்டிக்காரர். அன்று அந்தக் கெட்டித்தனமே எங்களுக்கு வினையாயிற்று. ஆற்றோட்டம் இழுக்க, பேச்சுச் சுவாரசியத்தில் அரை மைல் கீழே போய்விட்டோம். ஆறு கடலோடு சேருமிடத்தில் தண்ணீருக்கடியில் ஒரு மணல்மேடு கிடக்கிறது. கரகரவென்று ஒரு சத்தம். வள்ளம் அதில் ஏறிக் குத்தி நின்றது.

நின்றது என்று சொல்வது தவறு. அடிமரம் மணலில் புதைந்ததும் வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடல்பக்கத்திலிருந்து வந்த அலை சாய்ந்த விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. அடுத்த அலையும் அப்படியே. ஹமீது, "நான் எறங்கித் தள்ளுறேன்," என்று குதித்தார். ஒரு கால் மணலில் நின்றது. மற்றக் கால் மேட்டின் ஓரத்துச் சேற்றில் இடுப்பு வரை போய்விட்டது.

"மச்சான், கால் வருதில்ல! நீங்களும் எறங்குங்க!"

நான் இறங்கவில்லை. விளிம்பை இரு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். துறைமுகக் கந்தோரில் பத்து வருஷமாகக் கப்பல்களின் வரவைப் பதிகிற எனக்கு நீந்தத் தெரியாது. இது ஹமீதுக்குத் தெரியாது. வெட்கத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. நண்பர் கத்துகிறார், நான் அசையாமல் இருக்கிறேன். அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அப்போதுதான் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். வர்ணமில்லாத, முகப்பு மொட்டையான, பெட்டி மாதிரி ஒரு வள்ளத்தின் பின்பக்கத்தில் நின்றுகொண்டு நீண்ட கோலால் ஊன்றி வந்தாள். எங்கள் வள்ளம் புதைந்த அதே மணல்மேட்டின் மேல், ஒரு சாண் தண்ணீரில், கண்ணாடியில் விரல் ஓடுவதுபோல அது ஓடி வந்தது. என் பயத்துக்கு நடுவிலும் வாய் திறந்தபடி பார்த்தேன்.

"ஐயா, நீந்துவீங்களோ?"

"தெரியாது," என்றேன். ஹமீது திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப எழும்பாதேங்கோ. நானே கிட்ட வாறன்."

விளிம்போடு விளிம்பை ஒட்டி, கோலை மணலில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். "இப்ப நடுவில காலை வையுங்கோ." நான் தாவினேன். என் முழுப் பாரமும் ஓரத்தில்தான் விழுந்தது. வள்ளம் லேசாகத் தாழ்ந்தது, அவ்வளவுதான். பிறகு அவள் ஹமீதை அண்ணன் முறை சொல்லி அழைத்துக் கோலை நீட்டினாள். "நானா, காலை மேல இழுக்காதேங்கோ. நெஞ்சைத் தண்ணியில சாச்சு, படுத்து வாங்கோ." அவர் படுத்தார். நானும் அவளுமாக இழுத்தோம். சேறு ஒரு செருப்பை வைத்துக்கொண்டு ஆளை விட்டது.

பச்சை வள்ளத்தை அந்தோணியிடம் சேர்க்கக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு ஓரமாகத் திரும்பினோம். சற்றுத் தூரத்தில் அவள் கோலை நிறுத்தி, "கீழ பாருங்கோ," என்றாள். முழங்கால் ஆழத் தண்ணீரில் எங்களுக்கடியில் திரளிக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. நூறா ஆயிரமா தெரியாது. ஒவ்வொன்றின் முதுகிலும் வெயில். வள்ளத்தின் நிழல் பட்ட இடத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, மறுபக்கம் மறுபடி ஒன்றாயிற்று. ஒரு மீன்கூட அவசரப்படவில்லை. இவ்வளவு உயிர் இவ்வளவு கொஞ்சத் தண்ணீரில் இருக்கும் என்று நான் எண்ணியதேயில்லை. ஹமீது மெல்ல என் தோளில் கை வைத்தார். "நீந்தத் தெரியாதெண்டு முன்னுக்கே செல்லியிருந்தா, நான் அவ்வளவு தூரம் போயிருப்பனா?" என்றார். அதில் கோபம் இல்லை.

அவள் பெயர் பிலோமினா. அந்த வள்ளத்தைச் செய்தது அவளும் அவள் கணவனும். இதை விற்பாயா என்று கேட்டேன்.

"இது என்ர சோறு ஐயா. குடுக்க ஏலாது. வேற ஒண்டு செய்து தாறம்."

தொண்ணூறு ரூபாய், ஆறு வாரம். சொன்ன நாளில் தந்தார்கள். ஹமீது மட்டும் மஞ்சள் கோடு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

எங்களைப்போல வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசி, பங்குனி நல்ல மாதங்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் போகவே போகாதீர்கள். அடி தட்டையாக இருக்கவேண்டும். அகலம் நாலடிக்குக் குறையக்கூடாது. வாங்குமுன் ஓரத்தில் ஏறி நின்று பாருங்கள். இரண்டு பேரும் சாமானும் ஏறிய பிறகு எவ்வளவு தாழ்கிறது என்று குச்சியால் அளந்துகொள்ளுங்கள். வெறும் வள்ளம் எல்லாமே அழகாகத்தான் மிதக்கும். வர்ணத்தைக் கடைசியில் பாருங்கள். கோல் பன்னிரண்டு அடி போதும்.

இன்னும் ஒன்று. முதல் நாள் தூண்டில் கொண்டுபோகாதீர்கள். நாங்கள் கொண்டுபோனோம். வாய்க்காலுக்குள் நுழைந்து, புல்லின் மேல் வள்ளம் சத்தமில்லாமல் வழுக்கிப் போனபோது, கை நீளத்துக்கு ஒரு கொடுவா அடியில் அசையாமல் நின்றது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அது தானாகப் போகும்வரை தூண்டிலைத் தொட எங்களுக்குத் தோன்றவில்லை.