எத்தனை டன் ஏற்றுவீர்கள், மாப்பிள்ளை?

பத்து நாளைக்கு முன்னால், கொட்டுகிற மழையில், எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் தங்கை மெர்சி போன் செய்தாள்.

“அண்ணே, அவரு வண்டி டயரு வெடிச்சிடுச்சு. ஏரிக்கரை திருப்பத்துல… அவருக்கு ஒண்ணும் ஆவல.”

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மெர்சியின் கணவர் அருள்ராஜ் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து ஓட்டுகிறார். ஸ்ரீபெரும்புதூர் பட்டறையில் இரும்பு வார்ப்புகளை ஏற்றி, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இறக்க வேண்டும். அன்று பின்பக்க டயர் வெடித்ததில், வண்டி அரை வட்டம் அடித்து ஏரியைப் பார்த்தபடி நின்றிருக்கிறது. இன்னும் இரண்டடி போயிருந்தால்… வேண்டாம், எழுதவே பிடிக்கவில்லை.

“நீ கூடப் போ அண்ணே. அவரு தனியா போனா பட்டன் நல்லா கீதான்னு மட்டும் பாத்து வாங்கிக்கினு வந்துடுவாரு. மழை முடிய இன்னும் ஒரு மாசம் கீது.”

பட்டன் என்றால் டயரின் மேல் வரிவரியாக இருக்குமே, அது. டயரைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்! ஆனாலும் மறுநாள் காலை மாப்பிள்ளையோடு டயர் கடைக்குக் கிளம்பினேன்.

கடைக்காரர் முருகேசன் திருநெல்வேலிக்காரர். டயர் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கே சொந்தமாகக் கடை போட்டவர். சுவரில் ஒரு வெளிநாட்டு காலண்டர். கொட்டிக் கிடக்கிற பனியில் ஒரு பிக்கப் நிற்கிறது. அதன் டயரில் விரலே நுழையும், அவ்வளவு ஆழமான பட்டன்.

மாப்பிள்ளைக்குக் கண் அதிலேயே நின்றுவிட்டது. “இது மாதிரி கீதா? பனிக்கே நிக்குதுன்னா நம்ம மழைக்கு நிக்காதா?”

முருகேசன் சிரிக்கவில்லை. “அது குளிருக்குன்னே செஞ்ச மெது ரப்பரு அண்ணாச்சி. நம்ம சித்திரை வெயில்ல சீக்கிரமே தேஞ்சு போயிரும். நமக்குத் தண்ணிய வெளிய தள்ளுத பட்டன் இருந்தாப் போதும். அத விடுங்க, லோடு எவ்வளவு ஏத்துவிய?”

“ஒரு டன்னு” என்றார் மாப்பிள்ளை. கண் இமைக்காமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம்தான் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பெருமையடித்துக்கொண்டார் — ‘ஒண்ணேமுக்கால் டன்னு ஏத்துறேன் மச்சான், ரெண்டு ட்ரிப்பை ஒரே ட்ரிப்பா அடிச்சிடுவேன்!’

பிறகு ஏன் ஒரு டன்? வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. செக்போஸ்ட்டில் கேட்டாலும் ஒரு டன், இன்ஷூரன்ஸ்காரர் கேட்டாலும் ஒரு டன். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. டயர்க்காரர் எதற்குக் கேட்கிறார் என்று யோசிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

நாம் மட்டும் என்னவாம்? “ஸ்வீட்டைத் தொடுறதே இல்ல டாக்டர்” என்று நான் சொல்லாத மாதம் உண்டா? நம்மைப் பிடிக்க வருகிறவரிடம் சொல்ல வேண்டிய பொய்யை, காப்பாற்ற உட்கார்ந்திருப்பவரிடமும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

முருகேசன் ஒரு டயரைச் சாய்த்து, பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன எண்ணைக் காட்டினார். ஒரு டயர் எத்தனை கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடாம் அது. எந்த எண்ணுக்கு எத்தனை கிலோ என்று ஒரு சார்ட்டும் வைத்திருந்தார்.

“ஒரு டன்னை நாலு சக்கரத்துக்குப் பிரிச்சா, ஆளுக்கு இருநூத்தம்பது கிலோதானே?” என்றேன், கணக்குப் புலியாக.

“ஏன் சார், வண்டிக்குன்னு ஒரு எடை கெடையாதா? அதுவும் லோடு பூராம் பின்னாலதானே உக்காருது?”

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால், நான் திறக்க வேண்டிய வாய் அல்லவா அது?

இங்கேதான் சிக்கல். மாப்பிள்ளையை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசுவது எங்கள் வீட்டில் இல்லாத வழக்கம். கல்யாணமாகிப் பதினொரு வருஷம்… ‘சாம்பார் பிரமாதம்’ என்று அவர் சொல்லிவிட்டால், உப்பே போடாத சாம்பாருக்கும் நாங்கள் தலையாட்டுவோம். பெண்ணைக் கொடுத்த இடம்!

முருகேசன் ஒரு டன்னுக்கு ஏற்ற டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கியாயிற்று. பூத்தில் நின்று மெர்சி அழுத சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

“ஒண்ணேமுக்கால் டன் ஏத்துறாருங்க” என்று சொல்லிவிட்டேன்.

முருகேசன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று.

“இன்னா மச்சான்… வூட்ல பேசுனதெல்லாம் கடையில பேசுவியா?”

“அவர் சொன்னதுதான் நல்லது அண்ணாச்சி” என்றார் முருகேசன். “இன்னும் கூடத் தாங்குத டயரே போடுதேன். ஆனா டயரு தாங்கும்… பிரேக்கு தாங்குமா? வண்டியச் செஞ்சவன் ஒரு டன்னுக்குத்தானே செஞ்சிருக்கான்? டயரையும் மாத்துங்க, லோடையும் கொறைங்க.”

நாலு டயரும் மாட்டிய பிறகு மாப்பிள்ளை என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். “உள்ள வாங்க மாப்பிள்ளை, ஒரு காபி…” என்றேன். வண்டி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தோம். என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கமாக நடந்தார். வருத்தமாகத்தான் இருந்தது. தப்புப் பண்ணிவிட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

நேற்று மெர்சி மறுபடி போன் செய்தாள்.

“அண்ணே, இப்பல்லாம் ரெண்டு ட்ரிப்பாத்தான் அடிக்கிறாரு. வூட்டுக்கு வர லேட்டாவுது. வந்து கை காலு கழுவறதுக்குள்ள உன்னைத் திட்ட ஆரம்பிச்சிடுறாரு. தினமும் இதே கதைதான்!”

திட்டட்டும். தினமும் வீட்டுக்கு வந்து திட்டட்டும்.