முனியப்பனுக்கு நேர்ந்த முடி

சேலையில் போவதா, வேட்டி சட்டையில் போவதா என்ற யோசனையிலேயே எனக்கு அன்று பாதிக் காலை போய்விட்டது. போக வேண்டியது ஒரு பள்ளிக்கூடத்துக்கு. எண்பதுகளின் நடுவில், எனக்கு இருபத்திரண்டு வயது. அதியமான்கோட்டையில் ஒரு வாடகை அறையில் ஜாக்கெட் தைத்துப் பிழைத்தேன். திருநங்கை என்ற மரியாதையான சொல் இன்று இருக்கிறது. அன்று எங்களைக் கூப்பிட்ட சொற்களுக்குப் பயந்தே எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அதனால், எங்களைப் போன்ற பிள்ளை ஏதாவது ஒரு பள்ளியில் தவிக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், போய் நின்றுவிடுவேன். வாத்தியாரிடம் கெஞ்சுவேன், பையன்களோடு சண்டை போடுவேன். யாரும் கொடுத்த வேலையில்லை. "நீ வாயெடுத்தா டவுன் பஸ்ஸே நின்னு கேட்டுட்டுத்தான் போவும்" என்பார் டீக்கடை அக்கா.

அந்த வாயால்தான் வந்தது வினை.

ஏரியூர்ப் பக்கத்துப் பிள்ளை, பத்தாம் வகுப்பு. பள்ளிப் பதிவேட்டில் பையன், எனக்குத் தங்கச்சி. முடி கழுத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் வெட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்று டிரில் மாஸ்டர் சொல்லிவிட்டார். "முடி போனா நான் செத்தேங்க்கா. ஆனா பரீட்சையும் எழுதணும்" என்று அழுதாள்.

கடைசியில் சேலையிலேயே போனேன். ஹெட்மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாருங்க?"

"பையனுக்கு அத்தைங்க." தானாக வந்துவிட்டது. அடுத்ததும் தானாகவே வந்தது. "முனியப்பனுக்கு வேண்டுதலுங்க. கோயில்ல முடி எறக்கற வரைக்கும் கத்திரி படக்கூடாதுங்க."

அவர் முகம் மாறியது. "சாமி காரியமா? மொதல்லயே சொல்றதுக்கென்ன!" என்று டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டு அங்கேயே சொல்லிவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் கழித்து என் அறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். அவளுடைய அப்பா. ஒரு வருஷமாக அவளோடு பேசாதவர்.

"சந்தையில ஹெட்மாஸ்டரப் பாத்தனுங்க. உங்க தங்கச்சி வந்து வேண்டுதலச் சொன்னாங்கன்னாரு. எனக்குக் கூடப் பொறந்தவங்களே கெடையாதுங்க."

தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"ஆமாங்க சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். "சாமி பேரச் சொல்லியாச்சு. பரீட்சைக்கு முன்னாடி எறக்கிடலாம்னு இருக்கறேன். ஞாயித்துக்கெழம நீங்களும் வந்துருங்க."

கூப்பிடுகிறாரா, தண்டிக்கிறாரா? உண்மையைச் சொன்னால் பரீட்சை போகும். சும்மா இருந்தால் முடி போகும். அந்த வாரம் ஒரு ஜாக்கெட்டுக்கு இடக் கையை வலப்பக்கம் வைத்துத் தைத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளைத் தனியே இழுத்து, "பொய்யின்னு சொல்லிடட்டுமா?" என்றேன்.

"எங்கப்பா எங்கூடப் பேசறாருக்கா. சோறு போட்டுட்டுப் பக்கத்துலயே ஒக்காந்துக்கறாரு. எப்படிச் சொல்ல?"

புளியமரத்தடியில் முடி எடுப்பவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அவளைப் பின்னாலிருந்துதான் பார்த்தார். "பொண்ணுக்குப் பூமுடிதானுங்க?" என்றார். பெண்களுக்கு மொட்டையடிக்காமல் மூன்று கற்றை மட்டும் நறுக்கிச் சாமிக்குப் போடுவார்கள், அதுதான் பூமுடி.

பங்காளி ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா தரையைப் பார்த்தார், அவள் முடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பூமுடியே எடுங்க."

எனக்குக் கண் நிறைந்தது. அடுத்த நொடியே பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. வேண்டுதல் தீர்ந்துவிடும், முடி அப்படியே இருக்கும், நாளைக்கு டிரில் மாஸ்டரிடம் என்ன சொல்வது? அப்பா அதை யோசித்தாரா இல்லையா, தெரியாது. அவள் யோசித்திருந்தாள்.

"வேணாம்ப்பா. நாளைக்கு என்னத்தச் சொல்லி உள்ள போறது? மொட்டையே அடிச்சிருங்க."

"அழுவியே கண்ணு."

"அழுவேன். பரீட்சை எழுதணும்ப்பா."

அழுதாள். அப்பா துண்டை விரித்து, முடி மண்ணில் விழாமல் ஏந்திக்கொண்டார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "மூணு கத்தையச் சாமிக்குப் போட்டாப் போதுமில்லீங்க? மீதிய நீங்க வெச்சிருங்க. பின்னல்ல வெச்சுக் கட்டற சவுரிக்கு ஆவும்."

சாமி முடியா, அவள் முடியா? கேட்கத் தெரியாமல் துண்டோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பரீட்சை எல்லாவற்றையும் எழுதினாள். முடிவு வந்த அன்று அவள் அப்பா வந்து, வாசலில் நின்றபடியே "பாஸுங்க" என்றார். முடி சுற்றியிருந்த துண்டை அவர் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை.